வன்னியில் படம் பிடிக்கிறவருக்கு: கமராவில் இருந்து கடைசிப் பிரதி வரை

"அண்ணை, அம்மம்மாவின்ர படம் இது ஒன்றுதான் இருக்கு. கல்வெட்டுக்கும் போடவேணும், சுவரில மாட்டவும் பெரிசாக்கித் தாங்கோ."

புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு தம்பி வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அந்தியேட்டிக் கிரியைக்கு இன்னும் ஒன்பது நாள். நல்ல படம்தான். வேப்பமர நிழலில், மடியில் சுளகோடு இருந்து கிழவி சிரிக்கிறா. ஆனால் நீளப் பக்கத்தில் 1600 புள்ளிகள் (பிக்சல்) மட்டுமே. யாரோ யாருக்கோ அனுப்பி, அவர் இன்னொருவருக்கு அனுப்பி, கடைசியில் என்னிடம் வந்த நேரம் கன்னத்தில் சதுரம் சதுரமாகக் கட்டம் விழுந்திருந்தது. படத்தை எடுத்த போன் கிணற்றுக்குள் விழுந்து இரண்டு வருடமாம்.

அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 1600 ஐ 300 ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஐந்தே கால் அங்குலம்தான் வரும். கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்துக்குப் போதும். 12க்கு 18 அங்குலச் சட்டத்துக்கு 3600க்கு 5400 புள்ளி தேவை. இல்லாத புள்ளியை நான் எங்கிருந்து கொண்டுவர?

இந்த வழிகாட்டி புதுக் கமரா வாங்கிய தம்பி தங்கச்சிமாருக்கும், கலியாணவீடு, சாமத்தியவீடு என்று ஓடித்திரிகிறவர்களுக்கும், போனில் மட்டும் எடுப்பவர்களுக்கும். லென்ஸ் விலை கதைக்கப் போவதில்லை. மூலப் படம் கெடாமல், தொலையாமல் இருக்க என்ன செய்யவேண்டும் என்பதுதான் தொடக்கத்தில் இருந்து முடிவு வரை என் கவலை.

முதலில் கோப்பு வகை

கமராவில் இரண்டு தெரிவு இருக்கும்: ஜேபெக், ரோ. ரோ என்பது சென்சாரில் விழுந்த ஒளியின் பதிவு. ஜேபெக் என்பது அந்தப் பதிவைக் கமராவே நிறம் கூட்டி, கூர்மை கூட்டி, தேவையில்லை என்று தான் நினைத்ததை எறிந்துவிட்டுச் சுருக்கித் தருவது. நெல்லாக மூட்டையில் இருந்தால் அவிக்கலாம், பச்சையாகக் குத்தலாம், விதைக்கும் எடுக்கலாம். ஆலைக்குப் போய் அரிசியாகி வந்தபிறகு விதைக்க முடியாது. ரோ நெல், ஜேபெக் அரிசி.

கணக்காகச் சொன்னால், ஜேபெக்கில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். 14 பிட் ரோவில் 16,384 படிகள். பார்க்கும்போது வித்தியாசம் தெரியாது. நிழலில் இருண்டுபோன முகத்தைப் பிறகு வெளிச்சமாக்கும்போதுதான் தெரியும். ஜேபெக்கில் சேறு பூசியதுபோல வரும், ரோவில் முகமாகவே வரும்.

விலை இடத்தில்தான். 24 மெகாபிக்சல் கமராவில் ஒரு ரோ 25 முதல் 30 எம்பி வரை பிடிக்கும், நல்ல தர ஜேபெக் 10 எம்பி அளவு. 64 ஜிபி மெமரி காட்டில் ரோ ஏறக்குறைய 2,000 படம். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, அன்றைக்கே கொடுக்கவேண்டிய குழுப் படங்கள் என்றால் ஜேபெக் போதும், வெட்கப்படத் தேவையில்லை. திரும்ப எடுக்க முடியாத நிகழ்வு என்றால் ரோவும் ஜேபெக்கும் சேர்த்து எடுங்கள்.

ஜேபெக்கைப் பற்றிய ஒரு பயம் பிழையானது. கொப்பி பண்ணினால் தரம் குறையாது. திறந்து, திருத்தி, அதே பெயரில் மீண்டும் சேமிக்கும் ஒவ்வொரு முறையும்தான் குறையும்.

ஐபோனில் 2017 இல் வந்த ஐஓஎஸ் 11 இல் இருந்து ஹெச்ஈஐசி என்ற வகை இருக்கிறது. இடம் மிச்சம், தரமும் நல்லது. ஆனால் ஊர் ஸ்ரூடியோவின் பழைய கணினியில் திறக்காமல் நின்று, கடைக்காரரும் நீங்களும் முகத்தை முகம் பார்க்கவேண்டி வரலாம். அமைப்புகளில் கமரா, அதற்குள் ஃபோர்மட்ஸ் போய் 'மோஸ்ட் கொம்பாட்டிபிள்' என்பதைத் தெரிந்தால் ஜேபெக்காக எடுக்கும். அன்ட்ரொயிட் போன்கள் பலவற்றில் 'புரோ' முறையில் டிஎன்ஜி என்ற ரோ வகை உண்டு. டிஃப் என்பது அச்சகத்துக்குக் கொடுக்க, பிஎன்ஜி என்பது எழுத்து, இலச்சினை போன்றவற்றுக்கு. அவ்வளவு தெரிந்தால் காணும்.

கமராவைத் தூக்குமுன்

மணிக்கூட்டைச் சரிபாருங்கள். சிரிக்காதீர்கள். ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நேரம் பதிவாகிறது, பிறகு படங்கள் அந்த வரிசையில்தான் அடுக்கப்படும். இரண்டு பேர் இரண்டு கமராவோடு போய், ஒன்று பதினைந்து நிமிடம் பிந்தி ஓடினால், தாலி கட்டிய பிறகு மாப்பிள்ளை மண்டபத்துக்குள் வருவார். நான் செய்வது இதுதான்: தொடங்குமுன் இரண்டு கமராவாலும் ஒரே போனின் மணிக்கூட்டைப் படம் எடுத்துவிடுவேன். வித்தியாசம் இருந்தால் லைட்ரூம், டார்க்டேபிள் போன்ற படம் திருத்தும் மென்பொருளில் ஒரு கமராவின் படங்களை மொத்தமாக நகர்த்திவிடலாம்.

நிறவெளியை, அதாவது படத்தில் அடங்கும் நிறங்களின் எல்லையை, எஸ்ஆர்ஜிபி என்று வையுங்கள். அடோபி ஆர்ஜிபி பெரியது என்பது உண்மை, ஆனால் போனிலும் சாதாரண அச்சிலும் நிறம் மங்கிப்போகலாம். படத்தின் தரத்தை உச்சத்தில் வையுங்கள்.

வற்றாப்பளையில் ஒரு நாள்

அமைப்புகளைத் தனித்தனியாகச் சொன்னால் மனதில் நிற்காது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலை எடுத்துக்கொள்வோம். உச்சி வெயிலில் தொடங்கி விடியும்வரை ஒரே இடத்தில் எல்லா வகை வெளிச்சமும் கிடைக்கும்.

மத்தியானம் வெயில் நேர் மேலே. ஐஎஸ்ஓ (கமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 100, எப் (லென்ஸ் வாயின் திறப்பு) 8, ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் நேரம்) 400 இல் ஒரு செக்கன். முகில் இல்லாத வெயிலுக்கு இது ஏறக்குறைய எப்போதும் பொருந்தும். எப் 16 வைத்தால் ஷட்டர் ஐஎஸ்ஓவுக்குச் சமம் என்ற பழைய பிலிம் கணக்கில் இருந்து வந்தது.

இங்கே நம்மவர் அதிகம் தடுக்கி விழுவது வெள்ளை வேட்டியில். கமராவின் ஒளிமானி தான் காண்பதை எல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே நினைக்கும். வேட்டி கட்டிய பத்துப் பேர் சட்டம் முழுக்க நின்றால், 'இது மிகவும் வெளிச்சம்' என்று குறைத்துவிடும், வேட்டி அழுக்காக வரும். அப்போது ஒளி ஈடுசெய்தலை (கமராவில் +/- குறி) கூட்டல் 1 வைக்கவேண்டும். அதே வேட்டியோடு ஒருவர் தனியே, பின்னால் இருண்ட பனங்கூடல் என்றால் மானி இருட்டைப் பார்த்துக் கூட்டிவிடும். வேட்டி வெறும் வெள்ளைத்தாளாகி, மடிப்பும் கரையும் போய்விடும். அப்போது கழித்தல் 1. ஒரே உடுப்பு, எதிர்த் திசைத் திருத்தம். இதைப் பாடமாக்க வேண்டாம். திரையில் மினுக்கும் எச்சரிக்கையைப் போட்டு வையுங்கள். வெள்ளை வெந்துபோன இடம் மினுங்கும். மினுங்கினால் குறையுங்கள். இருண்டதை ரோவில் இருந்து ஓரளவு மீட்கலாம், முழுதாக வெந்ததை மீட்க வழியில்லை.

பின்னேரம் சாய்வெயில் வரும்போது ஆட்களின் முகத்தை எடுங்கள். மத்தியானத்தில் முகம் எடுத்தால் கண்குழி இருண்டு, பேய் மாதிரி இருக்கும்.

இரவு வேறு உலகம். இந்தக் கோயிலில் கடல் நீரில் விளக்கெரிப்பது வழக்கம். விளக்கு வெளிச்சத்தில் முகம் எடுக்க ஐஎஸ்ஓ 3200, எப் 2.8, ஷட்டர் 125 இல் தொடங்கிப் பாருங்கள். ஐஎஸ்ஓவைக் கூட்டப் பயப்படுகிறவர்கள் ஷட்டரைக் குறைத்து, எல்லாவற்றையும் அசைவாக்கிக்கொண்டு வருவார்கள். படத்தில் மணல்மணலாகப் புள்ளி வந்தால் மென்பொருள் குறைத்துத் தரும், அசைந்த முகத்தைத் திருத்த ஒருவராலும் முடியாது. கைநடுக்கத்துக்கு ஒரு கணக்கு: 50 மிமீ லென்ஸ் என்றால் ஷட்டர் 50 க்குக் கீழே போகவேண்டாம், 200 மிமீ என்றால் 200. ஆடும் காவடிக்கு அது போதாது, 500 வேண்டும். சந்நிதிக்கு முன்னால் பிளாஷ் அடிக்கவேண்டாம், கமராவை உயர்த்த முன் ஐயரிடமோ பூசாரியிடமோ ஒருக்காக் கேளுங்கள்.

கடைத்தெரு எல்ஈடி விளக்குகளில் எடுத்த படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டை பட்டையாக விழுந்தால் கமரா பழுது இல்லை. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் மலிவான விளக்குகள் செக்கனுக்கு 100 தரம் மினுங்கும். ஷட்டரை 100 அல்லது 50 க்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் போய்விடும்.

நிறச் சமநிலையைத் தானியங்கியில் விட்டால் மண்டபத்தின் ஊதா, பச்சை விளக்குகளுக்கு ஏற்ப ஒவ்வொரு படத்திலும் மணமகள் வேறு வேறு நிறத்தில் இருப்பா. வெயிலுக்கு 5500 கெல்வின், குண்டு பல்புக்கு 3000 என்று நிறுத்திவையுங்கள். எல்லாம் பிழை என்றாலும் ஒரே அளவு பிழையாக இருந்தால் திருத்துவது லேசு.

சுண்டிக்குளம், கொக்கிளாய்ப் பக்கம் பறவை எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரே வரி: பறக்கும் பூநாரைக்கு ஷட்டர் 2000, மற்றதெல்லாம் பிறகு.

புழுதியையும் மாரியையும் சொல்லாமல் விட முடியாது. கிரவல் ரோட்டில் லென்ஸ் மாற்றவேண்டாம். மாற்றியே ஆகவேண்டும் என்றால் வாகனத்துக்குள் இருந்து, கமராவின் வாயைக் கீழே பிடித்து மாற்றுங்கள். எப் 16 இல் வானத்தை எடுத்துப் பார்த்தால் சென்சாரில் ஒட்டிய தூசி கறுப்புப் பொட்டாகத் தெரியும். வாயால் ஊதினால் எச்சில் போகும், தூசி ஊதும் ரப்பர் பந்து வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் லென்சுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டி, உள்ளே நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலம். அரிசிக்குள் வைக்கவேண்டாம், மா உள்ளே போகும்.

வீட்டுக்கு வந்ததும்

ஒரு சாமத்தியவீட்டுப் படங்களை நான் அழித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இரவு இரண்டு மணி, களைப்பு. காட்டில் இருந்து லப்டொப்புக்கு 'வெட்டி ஒட்டு' கொடுத்தேன். பாதியில் கரண்ட் போனது. லப்டொப்பின் பற்றரி செத்துப் பல மாதம். காட்டில் சில படம், கணினியில் சில படம், இரண்டிலும் இல்லாத சில படம். ஆலாத்தி எடுக்கும் இருபது படங்கள் அந்த மூன்றாவது பகுதியில். போட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் இரண்டு நாள் தோண்டி, பதினாலு படம் மீட்டேன். மற்ற ஆறுக்கும் அந்தத் தாயிடம் போய் நின்றதை நினைக்க விருப்பமில்லை.

அதனால் இப்போது என் ஒழுங்கு இது. காட்டில் இருந்து கொப்பி மட்டும், ஒருபோதும் வெட்டுவதில்லை. முதல் கொப்பி லப்டொப்புக்கு, இரண்டாவது கொப்பி வெளி ஹார்ட் டிஸ்குக்கு, அதுவும் காட்டில் இருந்து நேரே. பிறகு மூன்று இடத்திலும் கோப்பு எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றா என்று பார்ப்பேன். அங்கும் இங்குமாக ஐந்து படத்தைத் திறந்து பார்ப்பேன். அதன் பின்தான் காட்டை வெறுமையாக்குவது, அதுவும் கணினியில் இல்லை, அதே கமராவில் வைத்து ஃபோர்மட். தவறி அழித்துவிட்டால் அந்தக் காட்டில் இன்னொரு படமும் எடுக்காமல் உடனே கழற்றிவிடுங்கள். புதிய படம் ஏறும் இடத்தில்தான் பழையது உண்மையாகச் சாகிறது.

பெயரிடுவது: வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எண், அதன்பின் இடம், நிகழ்வு. '20250112_முறிகண்டி_கலியாணவீடு' போல. வருடம் முன்னால் இருந்தால் கணினி தானே வரிசைப்படுத்தும். 'புதிய போல்டர் 7', 'கடைசி', 'உண்மையான கடைசி' என்று வைத்தவர்கள் எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்களே. தமிழில் பெயரிடுங்கள், ஆனால் யுனிகோடில். நம் பக்கத்து ஸ்ரூடியோக்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதுகிறார்கள். பாமினியில் அடித்த பெயர் போல்டரில் வெறும் ஆங்கில எழுத்துக் கூட்டமாகத்தான் தெரியும், தேடினாலும் அகப்படாது. படத்தில் இருப்பவர்களின் பெயரை மென்பொருளின் விளக்கக் குறிப்பில் எழுதிவையுங்கள். டிஜிக்காம் இதற்கு நல்லது, இலவசம்.

தெரிவு

1,200 படம் எடுத்தால் 300 கொடுப்பேன். முதல் சுற்றில் நல்லதைத் தேடாதீர்கள், கூடாததை மட்டும் ஒதுக்குங்கள். குவியம் பிழைத்தது, கண் மூடியது, யாரோ குறுக்கே போனது. இரண்டாம் சுற்றை அடுத்த நாள் செய்யுங்கள். ஒரு விதிவிலக்கு: வயதானவர்கள் தனியே இருக்கும் படங்களை, கொஞ்சம் அசைந்திருந்தாலும், ஒதுக்கவேண்டாம். அல்பத்துக்குத் தேவைப்படாது. ஆனால் என்றைக்கோ ஒருநாள் ஒரு தம்பி வட்ஸ்அப்பில் வந்து கேட்பார்.

ஒரு படத்தைத் திருத்துவோம்

லைட்ரூமுக்கு மாதாமாதம் காசு கட்டவேண்டும். டார்க்டேபிள், ரோதெரப்பி இரண்டும் இலவசம், பழக நாள் பிடிக்கும். போனில் ஸ்னாப்சீட் போதும், டிஎன்ஜியும் திறக்கும். எதுவானாலும் வேலை ஒன்றுதான். இவை ரோ கோப்பைத் தொடாமல், திருத்தக் குறிப்புகளைத் தனியே எழுதிவைக்கும். டார்க்டேபிளில் அந்தக் குறிப்பு படத்துக்குப் பக்கத்தில் எக்ஸ்எம்பி என்ற சின்னக் கோப்பாக இருக்கும். போல்டரை நகர்த்தும்போது அதையும் சேர்த்து நகர்த்துங்கள்.

என் முன்னால் உள்ள படம்: ஒட்டுசுட்டான் ரோட்டில் பின்னேரம் மூன்று மணி, வெள்ளைச் சீருடையில் ஒரு பிள்ளை சைக்கிளில் வருகிறாள். வெயில் செம்மண்ணில் பட்டுத் தெறித்து, சீருடையின் கீழ்ப்பாதி செம்மஞ்சளாகி இருக்கிறது, நாடியின் கீழும் அதே நிறம்.

முதலில் நேராக்குதல். தூரத்து வயல் வரம்பு ஒரு பாகை சரிந்திருந்தது. இரணைமடுக் குளக்கட்டில் எடுத்த படங்களில் இது இன்னும் குத்தும், தண்ணீர் ஒருபக்கம் வழிவதுபோல இருக்கும். அடுத்து நிறம். நிறச் சமநிலைக் கருவியைச் சீருடையின் தோள்ப்பட்டையில் வைத்தேன், கீழ்ப்பாதியில் இல்லை. கீழ்ப்பாதியில் வைத்தால் மண்ணின் சிவப்பைத் துரத்த மென்பொருள் முழுப் படத்தையும் நீலமாக்கிவிடும். தோளில் வைத்ததும் வெள்ளை வெள்ளையானது, கீழே கொஞ்சம் செம்மை மிஞ்சியது. மிஞ்சட்டும், அது வன்னி ரோடு. பிறகு பொது வெளிச்சம் சற்றுக் கூட்டி, பிரகாசமான பகுதிகளைக் கழித்தல் 40, நிழல்களைக் கூட்டல் 25. சீருடை மடிப்புகள் திரும்பி வந்தன, முகம் தெளிந்தது. நிழலை 80 வரை தள்ளினால் வெயிலே இல்லாத வெயில் படமாகிவிடும். மணல்புள்ளி குறைத்தல், கூர்மை இரண்டும் கடைசியில்.

முகத்தை வெள்ளையாக்குவதில்லை. அல்பங்களில் மணமகளின் முகம் ஒரு நிறமும் கை இன்னொரு நிறமுமாக இருப்பதைப் பார்த்துச் சலித்துவிட்டது. 'கொஞ்சம் வெளுப்பாக்கி விடுங்கோ' என்று கேட்பவர்களிடம் நான் வெளிச்சத்தைக் கூட்டித் தருகிறேன், நிறத்தை மாற்றித் தருவதில்லை. இதனால் இரண்டு கலியாணவீடு போனது, பரவாயில்லை.

அச்சு இருட்டாக வருகிறது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகுமுன் உங்கள் லப்டொப் திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். முழு வெளிச்சத்தில் வைத்துத் திருத்தினால் படம் இருண்டுதான் வரும். பெரிய அச்சுக்கு முன் 4க்கு 6 இல் ஒன்று போட்டுப் பார்ப்பது மலிவு.

வெளியே அனுப்புதல்

அச்சுக்கு முழு அளவு ஜேபெக், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), எஸ்ஆர்ஜிபி. பேஸ்புக்குக்கு நீளப் பக்கம் 2048 புள்ளி. வட்ஸ்அப்பில் நல்ல படம் அனுப்புவதென்றால் படமாக அனுப்பாமல் 'டொகியுமெண்ட்' என்று இணையுங்கள், சுருக்காமல் போகும். போன் படங்களில் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம். வீடு, சின்னப் பிள்ளைகள் உள்ள படங்களை வெளியே விடுமுன் இடக்குறிப்பை நீக்குங்கள்.

பிரதிகள்

மூன்று பிரதி, இரண்டு வகைக் கருவி, ஒன்று வேறு ஊரில். உலகம் முழுக்க இதைத்தான் சொல்கிறார்கள். ஓடி ஓடி இடம்பெயர்ந்து, 2009 இல் உடுத்த உடுப்போடு வந்தவர்களின் ஊரில் மூன்றாவது ஏன் முக்கியம் என்று விளக்கத் தேவையில்லை. என் மூன்றாம் பிரதி யாழ்ப்பாணத்தில் அக்கா வீட்டு அலுமாரியில் இருக்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும்போது டிஸ்கை மாற்றிக்கொண்டு வருவேன். வெளிநாட்டில் சகோதரம் இருந்தால் இன்னும் நல்லது. கூகிள் போட்டோஸ் 2021 யூன் 1 முதல் அளவில்லா இலவசத்தை நிறுத்திவிட்டது. மின்னஞ்சலோடு சேர்த்து 15 ஜிபிதான், தெரிந்தெடுத்த படங்களுக்கு அது போதும். பென் டிரைவை நிரந்தரச் சேமிப்பாக நினைக்காதீர்கள், வருடக் கணக்கில் மின்சாரம் படாமல் கிடந்தால் அது மறந்துபோகலாம்.

பழைய படங்கள்

அந்தத் தம்பியின் அம்மம்மா படத்தை 5க்கு 7 அங்குலத்தில் அடித்து, 12க்கு 18 சட்டத்துக்குள் அகலமான வெள்ளை அட்டை வைத்து நடுவில் பொருத்திக் கொடுத்தேன். புள்ளி கொஞ்சம் குறைவுதான், ஆனால் தூரத்தில் இருந்து பார்க்க வடிவாக இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தபோது தாய் உள்ளே போய், ஒரு சீலைப் பையில் இருந்து லமினேட் பண்ணிய ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்து வந்தா. அம்மம்மாவின் கலியாணப் படம்.

ஸ்கானர் இருந்தால் 600 டிபிஐ போதும். கண்ணாடியில் ஒட்டிய படத்தை உரிக்கவேண்டாம், அப்படியே ஸ்கான் பண்ணுங்கள். லமினேட் தாளைப் பிரிக்கவும் வேண்டாம், படம் தாளோடு போய்விடும். ஸ்கானர் இல்லாத இடத்தில் நான் செய்தது: படத்தைத் திண்ணையில், வாசல் வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து சாய்வாக விழும்படி தட்டையாக வைத்து, கறுப்புக் குடையை என் தலைக்கு மேலே பிடிக்கச் சொன்னேன். வானம் தாளில் பளபளக்காமல் இருக்கத்தான். லென்சை நேர் மேலே, நாலு ஓரமும் சட்டத்தில் இணையாக வரும்படி பிடித்து, எப் 8 இல், இரண்டு செக்கன் தாமத ஷட்டரில் மூன்று படம்.

பிறகு திருப்பி, பின்பக்கத்தையும் ஒன்று எடுத்தேன். லமினேட்டுக்கு உள்ளே நீல மையில் ஸ்ரூடியோ முத்திரையும், யாரோ பென்சிலால் எழுதிய இரண்டு பெயரும் ஒரு வருடமும் இருந்தன.